முகூர்த்தத்துக்குள் காய வேண்டிய கை

ஆகஸ்ட் 2, சனி

நாட்குறிப்பு எழுதுகிற ரகம் இல்லை நான். தோல் டாக்டர் ஷாகிதா சொன்னதால் எழுதுகிறேன். தினமும் உள்ளங்கை எவ்வளவு வியர்த்தது, எதனால் வியர்த்தது, ஒன்றிலிருந்து நான்குவரை எத்தனை மதிப்பெண் என்று குறிக்க வேண்டுமாம். ஒன்று என்றால் தொந்தரவே இல்லை. நான்கு என்றால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு நான்கு. எழுதும்போதே பக்கம் நனைவதால் கைக்குக் கீழே கர்ச்சீப் விரித்திருக்கிறேன்.

டாக்டரே படித்தாலும் படிப்பார் என்பதால் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சொக்கநாதன், வயது முப்பத்துமூன்று. மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவில் இளநிலை உதவியாளர். காலையில் வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தால், "மீண்டும் முயற்சிக்கவும்" என்று அது சொல்லும். நான் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பொறுமையானவர்கள் என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

இருபத்தெட்டாம் தேதி எனக்குக் கல்யாணம். பெண் வினோதினி, மேலூர் தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் இருக்கிறாள். நிச்சயதார்த்தம் முடிந்து கிளம்பும்போது, "வர்றேங்க" என்று சிரித்துக்கொண்டே கை நீட்டினாள். நான் கும்பிட்டேன். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குப் பெரிய கும்பிடாகப் போட்ட முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அன்று ராத்திரி முழுக்க அந்தக் கும்பிடு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். களிம்பெல்லாம் இரண்டு வருடம் தடவிப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். டாக்டர் என் உள்ளங்கையில் பழுப்பு நிற அயோடினைப் பூசிக் காயவிட்டு, மேலே வெள்ளை மாவைத் தூவினார். இரண்டு நிமிடத்தில் கை முழுக்கக் கருநீலமாகிவிட்டது. வியர்க்கிற இடம் மட்டும்தான் நிறம் மாறுமாம். எனக்கு மாறாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

"போடாக்ஸ் போட்டுரலாம்" என்றார்.

"அது சினிமாக்காரங்க நெத்திச் சுருக்கத்துக்குப் போடுறது இல்லையா மேடம்?"

"அதே மருந்துதான். நரம்பு முனையில ஒரு ரசாயனம் சுரக்கும். அதுதான் வேர்வைச் சுரப்பிக்கு 'வேர்த்துக்கோ'ன்னு சேதி சொல்லும். இந்த மருந்து அந்தச் சேதியப் போகவிடாது. நரம்பும் இருக்கும், சுரப்பியும் இருக்கும், சேதி மட்டும் போகாது. ஒரு அஞ்சு மாசத்துல அது மெல்லத் திரும்ப வந்துரும். வேணும்னா மறுபடி போட்டுக்கலாம்."

மேலே இருந்து வந்த உத்தரவு நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்துகொண்டு கீழே போகாமல் இருப்பது எங்கள் அலுவலகத்தில் அன்றாடம் நடப்பது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

தசை பலவீனம் வருகிற நோய் ஏதாவது உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்றெல்லாம் கேட்டார். இல்லை என்றேன். கல்யாணத் தேதி கேட்டு விரல்விட்டு எண்ணினார். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், அடுத்த சனிக்கிழமையைத் தாண்டக் கூடாது என்றார். "கட்டைவிரல் பிடிமானம் மட்டும் ரெண்டு மூணு வாரம் குறையலாம். பட்டன் போடுறது, சாவி திருப்புறதெல்லாம் கொஞ்சம் சிரமமா இருக்கும். பரவால்லையா?"

கட்டைவிரலை வைத்து எனக்கு என்ன பெரிய வேலை? பரவாயில்லை என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதிப்பெண் நான்கு. மாலையில் வினோதினி போன் செய்தாள். காரணம்: வெயில்.

ஆகஸ்ட் 6, புதன்

கல்யாணத்தில் கையும் கையும் சேருகிற இடங்களைக் கணக்கெடுத்தேன். தாரை வார்க்கும்போது சேரும். ஆனால் அங்கே தண்ணீர் ஊற்றுவார்கள், தெரியாது. குடத்துக்குள் மோதிரம் தேடும்போது சேரும், அங்கேயும் தண்ணீர். ஆபத்தான இடம் ஒன்றே ஒன்றுதான். தாலி கட்டியபிறகு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியை மூன்று சுற்று வர வேண்டும். நெருப்புக்குப் பக்கத்தில் வேறு. எனக்கு இந்த மூன்று சுற்றைத் தாண்டினால் போதும். அவள் முகம் சுளித்துக் கையை உருவிக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க முடியவில்லை. மதிப்பெண் நான்கு.

ஆகஸ்ட் 9, சனி

போட்டாகிவிட்டது.

அம்மாவிடம் திருமங்கலத்தில் பத்திரிகை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்டெல்லா என்ற நர்ஸ் என் இரண்டு கையிலும் பேனாவால் சீராகப் புள்ளி வைத்தார். கோலம் போடப்போகிறார் என்றுதான் தோன்றியது. மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, ஐஸ் ஒற்றி, ஒரு கைக்கு முப்பது வீதம் அறுபது குத்து. மருந்து என்னவோ சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. வலது கை சரியாக மரக்கவில்லை போலிருக்கிறது, விரல் நுனியில் குத்தியபோது, "அப்பா!" என்று கத்திவிட்டேன். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"தனியாவா வந்தீங்க? கை மரத்திருக்கும்போது வண்டி ஓட்டக் கூடாது சார். கையத் தேய்க்காதீங்க, இன்னைக்கும் நாளைக்கும் ஜிம்முக்கெல்லாம் போகாதீங்க" என்றார் ஸ்டெல்லா.

என்னைப் பார்த்து ஜிம்முக்குப் போகாதீர்கள் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தேன். அம்மா காபி கொடுத்தாள். டம்ளரைப் பிடிக்க முடியாமல், "சூடு ஆறட்டும்" என்று அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கையில் அங்கங்கே சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் கொசு என்றேன். உள்ளங்கையில் மட்டும் கடிக்கிற கொசுவா என்று யாரும் கேட்கவில்லை. மதிப்பெண் மூன்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

மெஷின் முதல் தடவையிலேயே, "நன்றி" என்றது! நம்பாமல் இன்னொரு தடவை வைத்தேன். "ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்றது. பின்னால் நின்ற தங்கமாயன் சார், "என்னய்யா, கல்யாணக் களையா?" என்றார். நாள் முழுக்கச் சிரித்த முகமாக இறப்புச் சான்றிதழ் கொடுத்தேன். பிறகுதான் தப்பாயிற்றே என்று பட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மதிப்பெண் ஒன்று. வாழ்க்கையில் முதல்முறை.

காய்ந்த கை இப்படித்தான் இருக்குமா? செய்தித்தாள் மை ஒட்டவில்லை. போன் திரை சொன்னபடி கேட்கிறது. காரணமில்லாமல் என் கன்னத்தை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறது. எழுதுவதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் வினோதினிக்கு நானே போன் செய்தேன். மண்டபத்தில் எத்தனை பேர் கொள்ளும் என்று கேட்டாள். போன வாரமும் இதையேதான் கேட்டாள். "எண்ணூறு பேர் தாராளமா உக்காரலாம். நிக்கிறவங்களச் சேத்தா ஆயிரம்" என்று பெருமையாகச் சொன்னேன். மேடையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்றாள். "ரிசப்ஷன் நாலு மணி நேரம், காலைல முகூர்த்தம் ரெண்டு மணி நேரம்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அந்தப் பக்கம் டவர் சரியில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சட்டை பட்டன் போட ஏழு நிமிடம் ஆயிற்று. பீரோ சாவியை இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருக்கிறது. வலிக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையும் இறுக்கிப் பிடிக்க மாட்டேன் என்கின்றன, அவ்வளவுதான். டாக்டர் சொன்னதுதானே என்று அலட்சியமாகத்தான் இருந்தேன்.

மத்தியானம் கோப்புக்கு நாடா கட்டும்போது முடிச்சு நழுவிவிட்டது. மறுபடி கட்டினேன். மறுபடி நழுவிற்று. அப்போதுதான் உறைத்தது. பத்து நாளில் நான் ஒரு முடிச்சுப் போட வேண்டும். ஆயிரம் பேர் பார்க்கப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

கயல் அக்கா உசிலம்பட்டியிலிருந்து வந்துவிட்டாள். முழுப்பெயர் அங்கயற்கண்ணி, எனக்கு மூத்தவள், ஒரே அக்கா. மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் சணலைச் சுற்றி நான் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"என்னடா பண்ற?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அறுபது ஊசியத் தனியாப் போயிப் போட்டுட்டு வந்துருக்க. என்னையக் கூப்புட்டா என்ன, கொறஞ்சா போயிருவ?"

"சிரிப்பாய்ங்கன்னுதான்..."

"யாரு சிரிப்பாய்ங்க? சின்னப் பிள்ளைல ரோடு தாண்டும்போது உன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனவ நானு. நான் என்னைக்காச்சும் சிரிச்சேனா?"

யோசித்தேன். சிரித்ததில்லைதான். ஆனால் தாண்டி முடித்ததும் பாவாடையில் கையைத் துடைத்துக்கொள்வாள். அதைச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் பெண்ணுக்கு நாத்தனார் போடுவது. "மூணையும் நானே போட்டுர்றேன், நீ சும்மா கையக் குடுத்துட்டு நில்லு. மேளச் சத்தத்துல எவனுக்குத் தெரியப்போகுது?" என்றாள் அக்கா. எனக்கு மனது வரவில்லை. முதல் முடிச்சு நான் போட வேண்டும். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு நான் எதற்கு அங்கே உட்கார வேண்டும்?

"அப்ப சணல்ல பழகி என்ன பிரயோசனம்? தாலிக்கயிறு மஞ்ச அரைச்சுத் தடவுனதுடா, வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய், புதுமண்டபத்துப் பக்கத்துக் கடையில் நிஜமான தாலிக்கயிறே ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டாக்டருக்குப் போன் செய்தேன். பலவீனம் தானாகச் சரியாகும், அவசரப்படுத்த மருந்து எதுவும் இல்லை என்றார். "கட்டைவிரல நம்பாதீங்க. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில கயித்தக் குடுத்து இழுத்துப் பாருங்க" என்று சொன்னார். அப்படிச் செய்தால் மூன்று தடவைக்கு ஒரு முடிச்சு விழுகிறது.

மாலைக்குள் மூன்றுக்கு இரண்டு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீடு ரெண்டுபட்டுவிட்டது.

பத்திரிகை வைக்க நான் வெளியே போயிருந்த நேரத்தில் அம்மா மாடியைப் பெருக்க ஏறியிருக்கிறாள். அங்கே நாற்காலிக்கு மஞ்சள் கயிற்றில் தாலி கட்டியிருந்தது. மூன்று முடிச்சும் அச்சு அசலாக. கடைசி இரண்டும் கயல் அக்கா ஒத்திகைக்காகப் போட்டது.

தோஷம் இருக்கிற ஜாதகம் என்றால் பெண்ணுக்குக் கட்டுவதற்குமுன் வாழை மரத்துக்குத் தாலி கட்டுகிற பரிகாரம் உண்டு. வாழை மரம் கிடைக்காமல் நாற்காலிக்குக் கட்டியிருக்கிறோம் என்று அம்மா முடிவே செய்துவிட்டாள். பெண்ணுக்கு ஏதோ தோஷம், பெண் வீட்டார் அதை மறைத்துவிட்டார்கள், நானும் அக்காவும் உடந்தை. என்னைக் கேட்கவில்லை. அக்காவைக் கேட்கவில்லை. நேராக மேலூருக்குப் போன் செய்து சம்பந்தியம்மாவைக் கேட்டுவிட்டாள்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அம்மா பக்கத்திலேயே அந்த நாற்காலி. யாரும் அதில் உட்காரவில்லை.

"எனக்கு மறைச்சு என்னத்தடா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று அம்மா அழுதாள்.

பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. வினோதினி. மாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"எனக்கு என்ன தோஷம்னு உங்க அம்மா கேட்டாங்களாம். எங்க அம்மா அழுதுக்கிட்டு இருக்காங்க. அப்பா சாப்பிடல. நெசமாச் சொல்லுங்க, நாற்காலிக்குத் தாலி கட்டுனீங்களா?"

"கட்டுனேங்க."

"எத்தன தடவ?"

"ஒரு... நாப்பது தடவ இருக்கும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்த முறை டவர் மேல் பழி போட முடியாது. வாயைத் திறந்தால் என் கை வெளிச்சத்துக்கு வந்துவிடும். திறக்காவிட்டால் ஒரு குற்றமும் செய்யாத பெண் தலையில் தோஷம் விழும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. வாழ்நாளில் இவ்வளவு பயந்ததில்லை.

சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் எனக்கு வலப்பக்கம் நின்றவன் கைகோத்து விளையாட மாட்டேன் என்றதிலிருந்து, நிச்சயதார்த்தத்தில் போட்ட கும்பிடுவரை. ஊசி, புள்ளி, கட்டைவிரல், மஞ்சள் கயிறு எல்லாம். பேசிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயந்து நிறுத்தாமல் பேசினேன்.

முடித்ததும், "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதாங்க."

"அன்னைக்கு நீங்க கும்புட்டதும், இந்தாளுக்கு என்னையப் புடிக்கலைன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி அழுதேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்ப இப்ப இருக்கிறது ஊசி போட்ட கை. நெசக் கை எப்ப வரும்?"

"அஞ்சு மாசத்துல."

"சரி. வரட்டும், அப்பப் புடிச்சுப் பாத்துச் சொல்றேன். புடிச்சுப் பாக்காம நான் என்னத்தச் சொல்ல?"

போனை வைத்துவிட்டாள். இது நல்ல பதிலா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கீழே போய் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேலூருக்குப் போன் செய்து சம்பந்தியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். நாற்காலியைப் பழைய பிளாஸ்டிக்காரனிடம் போட்டுவிட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறாள். கட்டிய தாலியை அவிழ்த்தாலும் அவளுக்கு அது கட்டிய நாற்காலிதான்.

ஆகஸ்ட் 27, புதன்

மண்டபத்துக்கு வந்துவிட்டோம். ரிசப்ஷனில் அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பூச்செண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புடவைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை ஞாபகம் வந்துவிட்டதோ என்று எனக்குக் கலக்கம். மூன்றுக்கு இரண்டு முடிச்சு என்பது நல்ல மதிப்பெண்தான். ஆனால் நாளைக்கு ஒரே வாய்ப்பு.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாலை நாலு மணி. சாப்பாட்டு மயக்கத்தில் எல்லாரும் அங்கங்கே தூங்குகிறார்கள். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கெட்டிமேளம் கொட்டியது. கயிற்றை நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் கொடுத்தேன். முதல் இழுப்பில் வழுக்கியது. அட்சதை தலையில் விழுந்துகொண்டே இருந்தது. பின்னால் கயல் அக்கா தாழ்ந்த குரலில், "மெதுவா, மெதுவாடா, ஒண்ணும் ஓடிப்போகல" என்றாள். அவள் கை என் கைக்குப் பக்கத்திலேயே காத்திருந்தது, தொடவில்லை. இரண்டாம் இழுப்பில் முடிச்சு விழுந்தது. நானே போட்டேன். மற்ற இரண்டையும் அக்கா போட்டாள். அழுதுகொண்டே போட்டதால் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அவள்தான்.

தாரை வார்த்த தண்ணீரையெல்லாம் ஏற்கெனவே துண்டால் துடைத்துவிட்டார்கள். அக்கினி வலம். "பொண்ணு கையப் பிடிச்சுக்கோங்கோ" என்றார் ஐயர்.

பிடித்தேன். ஈரம். சொட்டச் சொட்ட ஈரம்.

போயிற்று என்றுதான் நினைத்தேன். அறுபது ஊசியும் வீண், மருந்து விட்டுவிட்டது, நெருப்புச் சூட்டில் பழையபடி ஆகிவிட்டது. குனிந்து இடது கையைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வலது மணிக்கட்டைப் பார்த்தேன். அதுவும் காய்ந்துதான் இருந்தது. வியர்த்தது என் கை இல்லை. வினோதினியின் கை. ஈரம் மட்டும் இல்லை, நடுங்கிக்கொண்டும் இருந்தது. ஆயிரம் பேர் பார்க்கிற மேடையில் அவள் கிடுகிடுத்துப் போயிருந்தாள். இத்தனை நாளாகப் போனில் என்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் மண்டபத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் கையை உருவப் பார்த்தாள். "ஸாரிங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கை ஒரே ஈரமா இருக்கு. கூட்டத்தப் பாத்தா... விடுங்க, தொடச்சுக்கிறேன்."

அந்த வாக்கியத்தை ஐந்தாம் வகுப்பிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. இன்னொருவர் ஈரக் கையைப் பிடித்துப் பார்த்ததும் இல்லை. அருவருப்பாக இருக்கும் என்று இத்தனை வருடமாக முடிவு கட்டி வைத்திருந்தேன். இல்லவே இல்லை. சின்னக் கை, ஜில்லென்று இருந்தது, பயந்திருந்தது, அவ்வளவுதான். துடைத்துக்கொள்ள வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"இருக்கட்டும்" என்றேன்.

கட்டைவிரலில் வலு இல்லாததால் நாலு விரலையும் சுற்றி வளைத்துக்கொண்டேன். போதாது என்று இடது கையையும் மேலே வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் அவள் நடுக்கம் குறைந்தது. மூன்றாவது சுற்றில் அவளும் என் விரல்களை இறுக்கினாள். ஐந்து மாதம் கழித்து என் கையைப் பிடித்துப் பார்த்து அவள் சொல்லப்போகிற பதிலுக்கு இனி நான் பயப்பட மாட்டேன்.

சுற்றி வந்து நின்றோம். "ஆச்சு மாப்பிள்ளை, கைய விடலாம்" என்றார் ஐயர். நாங்கள் அப்படியே நின்றோம். அவர் இரண்டாம் தடவையும் சொன்னார். முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. வினோதினி முதல்முறையாகத் தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தாள்.

நான் கையை விடவில்லை.